காட்டுக்குள் கையடக்க ஜிபிஎஸ்: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

கையடக்க ஜிபிஎஸ் கருவி வாங்க யோசிக்கிற கொழும்புக்காரர் முதலில் கேட்கும் கேள்வி, "போனைவிட எத்தனை மீட்டர் துல்லியம்?" என்பதுதான். அங்கேயே கணக்குப் பிழைக்கிறது. 2018இல் ஷவோமி மி 8 வந்த நாளிலிருந்து செய்மதியின் எல்1, எல்5 என்ற இரண்டு அலைவரிசைகளையும் பிடிக்கும் 'இரட்டை அலைவரிசை' ஏற்பி (ரிசீவர்) போன்களுக்குள் நுழைந்துவிட்டது. எல்1 மட்டும் பிடிக்கும் பழைய ரகக் கையடக்கக் கருவியைவிட நல்ல போன் ஒன்று சில இடங்களில் திறமாகவே வேலை செய்யும். காலிமுகத்திடல் மாதிரி வெட்டவெளியில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இரண்டுமே சில மீட்டருக்குள் நிற்கும். துல்லியத்துக்காகக் காசு கொடுப்பவருக்கு ஏமாற்றம் நிச்சயம். மழையிலும் சேற்றிலும் மூன்றாம் நாளிலும் அணையாமல் இருப்பதற்காக வாங்குபவருக்குக் கொடுத்த காசு வீண்போகாது.

சிங்கராஜ மழைக்காட்டிலோ நக்கிள்ஸ் மலைத்தொடரிலோ பின்னேர மழை பிடித்ததும் போனுக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். தொடுதிரையில் நீர்த்துளி விழுந்தால் அதுவே விரலாகிறது. வரைபடம் தானாகப் பெரிதாகிச் சிறிதாகும், விரலை வைத்தால் கேட்காது. பள்ளத்தாக்கில் சிக்னல் இல்லாதபோது போன் கோபுரத்தைத் தேடித் தேடியே பற்றரியைத் தின்றுவிடும். விமானப் பயன்முறையில் போட்டால் இது நிற்கும், ஜிபிஎஸ் தொடர்ந்து வேலை செய்யும். ஆனால் இணைய உதவி இல்லாததால் முதல் தடவை இடம்பிடிக்கக் கொஞ்சம் பிந்தும். கையடக்கக் கருவியில் பொத்தான்கள் இருக்கின்றன. ஈரக்கையாலும் கையுறையோடும் அழுத்தலாம். அதன் திரை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் வகை. உச்சி வெயிலில் போன் திரை கறுத்துப்போகும் இடத்தில் இது இன்னும் தெளிவாகும், பின்னொளியே தேவையில்லை. மரநிழலில்தான் மங்கல்.

பற்றரிக் கணக்கு. கார்மின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் இரண்டு ஏஏ பற்றரியில் 25 மணித்தியாலம் ஓடும் என்கிறது நிறுவனம். ஜிபிஎஸ்மாப் 65எஸ் இரட்டை அலைவரிசை என்பதால் அதே இரண்டு பற்றரியில் 16 மணித்தியாலம். உள்ளேயே லித்தியம் பற்றரி வைத்த ஜிபிஎஸ்மாப் 67க்கு 180 மணித்தியாலம். வரைபடமே இல்லாத ஈட்ரெக்ஸ் எஸ்ஈக்கு ஏஏ பற்றரியில் 168. இவை பின்னொளி இல்லாமல், திறந்த வானத்தின் கீழ் வரும் கணக்குகள். அடிக்கடி திரையை எழுப்பி, திசைகாட்டியையும் ஓடவிட்டால் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் நல்லது என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

ஏஏயின் பெரிய வசதி, ஹட்டன் பஸ் நிலையத்துப் பக்கத்துப் பெட்டிக்கடையிலும் அது கிடைக்கும் என்பதுதான். ஆனால் கடையில் கிடைக்கும் சாதாரண கார்பன் பற்றரி போட்டால் சில மணித்தியாலத்தில் கை விரிக்கும். அல்கலைன் போடலாம், ஆனால் வேலை முடிந்து வீடு வந்ததும் கழற்றிவிட வேண்டும். கொழும்பின் ஈரப்பதத்தில் அலுமாரிக்குள் மாதக்கணக்கில் கிடந்தால் அது கசிந்து பற்றரி அறையின் சுருள்வில்லைப் பச்சையாக்கிவிடும். அடிக்கடி போகிறவருக்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் மீள்மின்னேற்றிதான் சரி, அதிலும் தானாக இறங்காத வகை. அதன் மின்னழுத்தம் 1.5 இல்லை, 1.2 வோல்ட். கருவியின் அமைப்பில் பற்றரி வகையை மாற்றாவிட்டால், நிறைந்த பற்றரியைப் போட்டும் அளவுப்பட்டை பாதியாகக் காட்டும்; முடிகிற நேரத்தில் எச்சரிக்காமலே அணைந்துவிடும். கருவி சரியில்லை என்ற முறைப்பாடுகளில் கணிசமானவை இந்த ஒரு அமைப்பில் தீர்ந்துவிடும்.

நீர்காப்புக்கு வருவோம். ஐபிஎக்ஸ்7 என்ற நீர்காப்புத் தரம் இருந்தால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்பது புதுக் கருவிக்குரிய பேச்சு. அந்தக் காப்பு பற்றரிக் கதவின் றப்பர் வளையத்திலும் யூஎஸ்பி மூடியிலும்தான் நிற்கிறது. வளையத்தில் ஒரு மணல் பருக்கை இருந்தாலே போதும், தண்ணீர் இறங்கும். கடற்கரையிலிருந்து வந்தால் மூடிகள் பூட்டியபடி நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் யூஎஸ்பியைத் திறக்க வேண்டும். உப்பு ஈரத்தோடு கேபிளைச் செருகினால் செம்பு ஊசிகள் அரித்துப்போகும். சில மாடல்களில் உடலைச் சுற்றி ஒட்டிய றப்பர்ப் பட்டை, எங்கள் வெக்கைக்கும் கொசு விரட்டி எண்ணெய்க்கும் பசை இளகிக் கழன்றுவரும். எண்ணெய் பூசிய கையால் கருவியைத் தொடாதிருப்பதே பாதி வைத்தியம்.

மரத்தடியில் என்ன ஆகிறது

எல்1 சமிக்ஞை செய்மதியிலிருந்து 20,000 கிலோமீட்டருக்கும் மேல் பயணித்து வரும்போதே மெலிந்திருக்கும். ஈர இலை அதை உறிஞ்சும், பாறைச்சுவர் அதைத் தெறிக்கவிடும். நேராக வந்ததும் தெறித்து வந்ததும் கலந்தால் கருவி உங்களைச் சரிவின் மறுபக்கத்தில் நிறுத்தும். எல்5 சமிக்ஞையின் குறியீடு எல்1ஐவிடப் பத்து மடங்கு வேகமானது. அதனால் தெறித்து வந்ததைப் பிரித்தறிவது அதற்குச் சுலபம். சிங்கராஜ போன்ற மூடிய காட்டிலோ நக்கிள்ஸின் குறுகிய பள்ளத்திலோ திரிபவர் இரட்டை அலைவரிசைக் கருவிக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீணில்லை. ஹோர்ட்டன் சமவெளியில் நடப்பவருக்கு அது தேவையே இல்லை.

பிடிக்கும் விதமும் முக்கியம், இதைப் பெட்டிக்குள் வரும் சிறுபுத்தகத்தில் யாரும் வாசிப்பதில்லை. ஈட்ரெக்ஸ் வகையில் இருப்பது தட்டை அன்டெனா. திரை வானத்தைப் பார்க்கப் படுக்கையாகப் பிடிக்க வேண்டும். ஜிபிஎஸ்மாப் வகையில் தலைக்கு மேல் குமிழ்போல நீட்டிக்கொண்டிருப்பது சுருள் அன்டெனா. அதை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். இரண்டையுமே காற்சட்டைப் பைக்குள் போட்டால் உங்கள் உடம்பே வானத்தில் பாதியை மறைத்துவிடும். உடம்பும் பெரும்பாலும் தண்ணீர்தானே. பையின் தோள்பட்டியில், காதுக்கு அருகே மாட்டுவதுதான் நல்ல இடம்.

எங்கள் தீவுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியா, இலங்கைப் பக்கமாகப் போகிறது. சூரியன் மறைந்த பிறகு இந்தப் பட்டையில் அயனமண்டலம், அதாவது செய்மதிச் சமிக்ஞை கடந்துவரும் மின்னேற்றம் கொண்ட மேல்வளிப் படை, குமிழிகுமிழியாகக் கலங்கும். சமபகல் வரும் மார்ச், செப்டெம்பரை ஒட்டிய மாதங்களிலும் சூரியன் உச்சச் செயற்பாட்டில் இருக்கும் வருடங்களிலும் இது கூடும். இரவு எட்டு, ஒன்பது மணிக்கு நல்ல வெளியிலேயே செய்மதிகள் ஒவ்வொன்றாக விழுவதும், திரையில் ±3 என்றிருந்தது ±15 ஆவதும் கருவியின் கோளாறு ஆகாது. ஜிபிஎஸ்ஸோடு மற்ற நாடுகளின் செய்மதித் தொகுதிகளான குளோனாஸ், கலிலியோ, பெய்டூ எல்லாவற்றையும் இயக்கி வைத்தால் தாக்கம் குறையும். அந்த ± எண்ணும் உத்தரவாதமில்லை. கருவி தன்னைப் பற்றித் தானே போடும் மதிப்பீடு அது. உண்மைப் பிழை அதைத் தாண்டுவது சாதாரணம்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கருவியையோ பல மாதம் தூங்கிய கருவியையோ முதல் தடவை போடும்போது, திறந்த வானத்தின் கீழ் அசையாமல் ஒரு கால் மணித்தியாலம் வைத்துவிடுங்கள். செய்மதிகளின் முழு அட்டவணை இறங்க 12.5 நிமிடம் பிடிக்கும். வெள்ளவத்தை மாடிவீட்டு யன்னலோரத்தில் வைத்துப் பார்த்து "பிடிக்குதில்லை" என்று திருப்பிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

வரைபடம்தான் உண்மையான பலவீனம்

கருவியோடு வரும் அடிப்படை வரைபடத்தில் இலங்கை ஒரு வெளிக்கோடும் சில நெடுஞ்சாலைகளும்தான். அதை நம்பி ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள்கூடப் போக முடியாது. இலவச வழி ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். கார்மினுக்கென மாற்றிய இலங்கை வரைபடத்தைக் கணினியில் இறக்கி, 32 ஜிபிக்கு மேற்படாத மைக்ரோ எஸ்டி அட்டையை ஃபேட்32 ஆக வடிவமைத்து, அதில் 'கார்மின்' என்ற பெயரில் ஆங்கிலத்தில் ஒரு கோப்புறை திறந்து, ஐஎம்ஜி என்று முடியும் கோப்பை அதற்குள் போட வேண்டும். பிறகு கருவியின் வரைபட அமைப்பில் அதை இயக்கி, பழைய அடிப்படை வரைபடத்தை அணைத்துவிடுங்கள். இரண்டும் மேலும் கீழும் கிடந்தால் ஒன்று மற்றதை மறைக்கும். ஆங்கிலப் பெயரிட்ட பதிப்பை எடுங்கள். தமிழ், சிங்கள எழுத்துரு பெரும்பாலான கருவிகளில் இல்லை; ஊர்ப்பெயர் வரவேண்டிய இடத்தில் கட்டங்களோ கேள்விக்குறிகளோதான் வரும்.

அதிலுள்ள புள்ளிக்கோட்டு ஒற்றையடிப் பாதைகளை வேதவாக்காக எடுக்கக்கூடாது. செய்மதிப் படத்தைப் பார்த்து யாரோ வரைந்த கோடு அது. பற்றை மூடியிருக்கலாம், மண்சரிவில் போயிருக்கலாம், தோட்ட நிர்வாகம் கேற் போட்டிருக்கலாம். சமவுயரக் கோடுகளும் விண்ணிலிருந்து எடுத்த ஏறக்குறைய 30 மீட்டர் கட்ட உயரத் தரவிலிருந்து வருபவை. ஒரு கட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளும் 10 மீட்டர்ப் பாறை விளிம்பு அதில் தெரியவே தெரியாது. அதோடு ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் போன்றவற்றின் திரை 2.2 அங்குலம்தான். முழு மலையையும் ஒரே பார்வையில் பார்த்து வழி யோசிக்க அது போதாது. அதற்குத்தான் கடதாசி வரைபடம், நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 தாள்.

அங்கேதான் அடுத்த குழி. அகலாங்கு நெட்டாங்கை எந்தப் பூமி வடிவத்தின் மேல் எண்ணுவது என்ற அடிப்படைக்கு 'ஆதாரம்' என்று பெயர். கருவி பிறந்ததிலிருந்தே பேசுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற ஆதாரத்தில். திணைக்களத்தின் பழைய தாள்கள் நிற்பது கண்டவல என்ற ஆதாரத்தில், 1830ஆம் ஆண்டின் எவரெஸ்ட் நீள்வட்டத்தின் மேல். ஒரே அகலாங்கு நெட்டாங்கை இரண்டிலும் குறித்தால் 200 மீட்டருக்கும் மேல் விலகும், பெரும்பாலும் கிழக்கு மேற்காக. ஆற்றின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் உள்ள வித்தியாசம் அது.

கருவியின் ஆதாரப் பட்டியலில் 'கண்டவல' இருந்தால் அதைத் தெரியுங்கள். இல்லையென்றால் பயனர் ஆதாரத்தில் எக்ஸ் −97, வை 787, இசட் 86 என்று கொடுத்து, நீள்வட்டத்தையும் எவரெஸ்ட்டுக்கு மாற்ற வேண்டும். தாளிலுள்ள சதுரக் கட்ட எண்களுக்கு, பயனர் கட்டத்தில் குறுக்கு மேர்கேற்றர் என்ற முறையைத் தெரிந்து இவற்றைக் கொடுங்கள்: தொடக்க அகலாங்கு வடக்கு 7° 00′ 01.729″, தொடக்க நெட்டாங்கு கிழக்கு 80° 46′ 18.16″, அளவுக் காரணி 0.9999238418, கிழக்குக்கும் வடக்குக்கும் 200,000 மீட்டர் தொடக்கம். திணைக்களத்தின் புதிய எஸ்எல்டி99 கட்டத்தில் அளவுக் காரணி அதேதான்; தொடக்க எண்கள் இரண்டும் 500,000 ஆகின்றன, தொடக்கப் புள்ளியின் விகலை (செக்கன்) தசமங்களும் ஆதார மாற்றக் கணியங்களும் சற்று வேறுபடும். கையில் இருப்பது எது என்று தாளின் விளிம்பில் எழுதியிருக்கும். விளிம்பு கிழிந்த தாளாக இருந்தால் எண்ணைப் பார்த்தே சொல்லலாம்: கொழும்புக் கரையின் கிழக்கு எண் ஒரு இலட்சத்தை ஒட்டி இருந்தால் பழையது, நான்கு இலட்சத்தை ஒட்டி இருந்தால் புதியது. 3,74,000 அளவில் இருந்தால் அது யூடிஎம் 44 வடக்கு, உலகை வலயங்களாகப் பிரித்த பொதுக் கட்டம்.

சில பழைய கருவிகளில் தொடக்க அகலாங்கை நிரப்பும் இடமே இருக்காது. அவை நிலநடுக்கோட்டிலிருந்து எண்ணத் தொடங்கும்; வடக்கு எண் 700 கிலோமீட்டருக்கும் மேலாகப் பிழைக்கும். அப்படிப்பட்ட கருவியோடு மல்லுக்கட்டாமல் யூடிஎம்மில் வைத்துக்கொண்டு, தாளின் புள்ளிகளை வீட்டிலேயே கணினியில் மாற்றி எடுத்துப் போவது புத்தி. முழு இலங்கையும் யூடிஎம் 44ஆம் வலயத்துக்குள் அடங்கிவிடுவது எங்கள் அதிர்ஷ்டம். நடுவில் வலயம் மாறும் தொல்லை இல்லை.

எழுதும் முறையிலும் கவனம் வேண்டும். காலிமுகத்திடலின் அகலாங்கு 6.925° என்று வைத்தால், அதுவே 6° 55.500′, அதுவே 6° 55′ 30″. நடுவில் உள்ளதைத் தொலைபேசியில் "ஆறு, ஐம்பத்தைந்து, ஐம்பது" என்று சொல்லி, கேட்பவர் விகலையாக எழுதிக்கொண்டால் 600 மீட்டர் தள்ளிப்போகிறது. விபத்து நேரத்தில் அம்புலன்ஸின் 1990க்கோ பொலிஸின் 119க்கோ இடத்தைச் சொல்லும்போது தசமப் பாகையில் மட்டும் சொல்லுங்கள், கூடவே பக்கத்து ஊர்ப்பெயரையும் சொல்லுங்கள். கூட்டமாகப் போனால் எல்லாக் கருவியையும் புறப்படுமுன் ஒரே முறைக்கு மாற்றிவிட வேண்டும்.

உயரம் காட்டும் விளையாட்டு

சில போன் செயலிகள் காலிமுகத்திடலில் நின்றால் கடல் மட்டத்துக்குக் கீழே 90 மீட்டர் சொச்சம் என்று காட்டும். அது பழுதில்லை. செய்மதி உயரம் அளக்கப்படுவது கணித நீள்வட்டத்திலிருந்து. எங்கள் தீவுக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் ஈர்ப்பு பலவீனமான ஒரு பெரும் பள்ளம் இருக்கிறது. உலகத்திலேயே ஆழமானது, அங்கே சராசரிக் கடல் மட்டம் நீள்வட்டத்துக்கு ஏறக்குறைய 106 மீட்டர் கீழே. அதன் விளிம்பில்தான் கொழும்பும் இருக்கிறது. கையடக்கக் கருவிகள் இந்த வித்தியாசத்தைத் தாங்களே கழித்து உண்மைக் கடல்மட்ட உயரத்தைக் காட்டும். இது அவற்றின் பக்கம் சேரும் ஒரு புள்ளி. செயலியில் பதிந்த தடத்தையும் கருவியில் பதிந்த தடத்தையும் ஒன்றாகச் சேர்க்கும்போது 100 மீட்டர்ப் படி தெரிந்தால் காரணம் இதுதான்.

அமுக்கமானி உள்ள கருவியில் உயர மாற்றம் நேர்த்தியாக வரும், ஏற்ற இறக்கக் கூட்டுத்தொகையும் நம்பலாம். ஆனால் அது காற்றமுக்கத்தைத்தான் அளக்கிறது. வெப்பவலயத்தில் அமுக்கம் தினமும் காலை பத்து மணியளவில் ஏறி, பின்னேரம் நான்கு மணியளவில் இறங்கும். வித்தியாசம் 3 ஹெக்டோபாஸ்கல் (அமுக்க அலகு) அளவு. கடல் மட்டத்தை அண்டி ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு 8 மீட்டர் சொச்சம் என்பதால், கருவி மேசையில் அசையாமல் கிடந்தாலே பின்னேரம் 25 மீட்டர் ஏறியிருக்கும். மருந்து சுலபம்: உயரம் தெரிந்த இடத்தில் நிறுத்தி அளவு திருத்துங்கள். மலையகப் புகையிரத நிலையங்களின் பெயர்ப்பலகையில் உயரம் எழுதியிருக்கும். அடியில் எழுதியதை மீட்டர் அமைப்பில் அடித்துவிடாதீர்கள். சிவனொளிபாதமலை உச்சி 2,243 மீட்டர். மேலே போய்ச் சேர்ந்ததும் திருத்தினால் இறங்கும் வழிக்குச் சரியாக இருக்கும்.

திசைகாட்டி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காந்த உணரி இல்லாத மலிவு மாடல் நீங்கள் நடக்கும்போது மட்டும் திசை சொல்லும். அடர்காட்டில் மெதுவாக ஊரும்போது அம்பு பைத்தியம் பிடித்ததுபோலச் சுழலும். உணரி உள்ளதைப் பற்றரி மாற்றும் ஒவ்வொரு முறையும் வாகனத்திலிருந்து தள்ளி நின்று திருத்த வேண்டும்.

தடப்பதிவில் ஒரு நுணுக்கம். 10,000 புள்ளி கொள்ளும் கருவியில் வினாடிக்கு ஒரு புள்ளி என்று வைத்தால் மூன்று மணித்தியாலத்துக்குள் நிறைந்துவிடும், பிறகு தொடக்கத்தை அழித்து எழுதும். திரும்பி வர உங்களுக்கு வேண்டியது அந்தத் தொடக்கம்தான். 10 வினாடிக்கு ஒன்று என்றால் 27 மணித்தியாலம் கிடைக்கும். நாள்தோறும் தானாகச் சேமிக்கும் வசதி இருந்தால் அதை இயக்கிவிடுங்கள். உகந்தையிலிருந்து குமண வழியே கதிர்காமத்துக்குக் காட்டுப்பாதை திறக்கும் காலத்தில் நடப்பவர்கள் தண்ணீர் கிடைக்கும் இடத்தையும் தங்கும் இடத்தையும் புள்ளியாகக் குறித்தால் போதும். பாதை சனத்தோடே போகிறது. பெயரை 'நீர்1', 'நீர்2' என்பதுபோல ஆங்கில எழுத்தில் சுருக்கமாக அடியுங்கள். அட்டை காலில் ஏறும் இடத்தில் நின்று, திசைப் பொத்தானால் எழுத்து எழுத்தாகத் தேடி நீண்ட பெயர் அடிக்க யாருக்குப் பொறுமை?

காணி அளக்க இதைக் கொண்டு கிளம்புகிறவர்களும் உண்டு. 10 பேர்ச் காணி, அதாவது யாழ்ப்பாணக் கணக்கில் ஒரு பரப்பு, 253 சதுர மீட்டர். பக்கம் ஏறக்குறைய 16 மீட்டர். ஒவ்வொரு மூலையும் 3 மீட்டர் அங்கே இங்கே ஆடினால் பரப்பளவு 2, 3 பேர்ச் வரை மாறிவிடும். கொழும்புக் காணி விலையில் அது எத்தனை இலட்சம் என்று நீங்களே பாருங்கள். அதே கருவி 5 ஏக்கர் தென்னந்தோப்பில் 3 சதவீதப் பிழைக்குள் நிற்கும். உரம் எத்தனை மூட்டை, வேலி எத்தனை மீட்டர் என்று கணக்குப் போட அது தாராளம். எல்லைக்கு மட்டும் உரிமம் பெற்ற நில அளவையாளர்தான். ஒரு புள்ளியை இன்னும் நன்றாகக் குறிக்க வேண்டுமானால் சராசரி எடுக்கும் வசதி இருக்கிறது. ஒரே இருப்பில் பத்து நிமிடம் எடுப்பதால் பெரிய பலனில்லை. ஒன்றரை மணித்தியாலம் இடைவிட்டு, செய்மதிகள் இடம் மாறிய பிறகு மறுபடி எடுக்க வேண்டும்.

பழைய கருவி வாங்கினால் முதலில் திகதியைப் பாருங்கள். ஜிபிஎஸ் கிழமைக் கணக்கு 1024இல் திரும்பப் பூச்சியமாகும். கடைசியாக 2019 ஏப்ரல் 6இல் ஆனது. மென்பொருள் புதுப்பிக்காத கருவி திகதியை ஏறக்குறைய 19 வருடம் 7 மாதம் பின்னே காட்டும். இடம் சரியாகக் காட்டினாலும் தடப்பதிவின் நேரமும் சூரியோதயமும் குழம்பும். அடுத்து பற்றரிக் கதவைத் திறந்து சுருளையும் றப்பர் வளையத்தையும் விரலால் தடவிப் பாருங்கள், பொத்தான் ஒவ்வொன்றையும் அழுத்துங்கள், வெளியே கொண்டுபோய் இடம்பிடிக்கும்வரை காத்திருங்கள்.

செய்மதி வழியே செய்தி அனுப்பும் இன்ரீச் போன்ற கருவிகள் தனிக் கணக்கு. சாதாரண ஜிபிஎஸ் கேட்க மட்டும்தான் செய்யும், அவை ஒலிபரப்பும் கருவிகள். மாதச் சந்தாவும் உண்டு. வெளிநாட்டு உறவினரிடம் சொல்லி அனுப்பிவைக்கச் சொல்லுமுன், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் அனுமதி பற்றி எழுத்தில் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுநாயக்க விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து காட்டும்போது அந்தக் கடிதம் உதவும்.